பெயரின் தலையில் ஒரு கோடு

பிரான்சுக்கு உட்பட்ட ரெயூனியன் தீவின் செயின்ட் ஆந்த்ரேயிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் குடும்பப் பெயர் 'புல்லே' என்று முடியும். கடைசி எழுத்தின் மேல் ஆக்சான் என்ற ஒலிக்குறி உண்டு. சென்னைக்கு எடுத்த விமான டிக்கெட்டில் அது விடுபட்டிருக்கிறது. தகராறு வருமா? பிறக்கப்போகும் பேத்திக்கு 'ஞானா' என்று பெயர். 'என்' மேல் அலைக்கோடும் 'ஆ' ஒலிக்கு நெடில்கோடும் போட்டுப் பதியலாமா?"

டிக்கெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், ஐயா. பாஸ்போர்ட்டில் உங்கள் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கும், பாருங்கள். இயந்திரம் படிக்கும் அந்த வரிகளில் 26 வெற்று எழுத்துகள், எண்கள், இடைவெளியை நிரப்பும் ஒரு குறி, அவ்வளவுதான். ஆக்சான் அங்கே தானாக உதிர்ந்துவிடும். ஜெர்மன்காரரின் இரட்டைப்புள்ளி 'உ'கூட அங்கே 'யூ, ஈ' என்று இரண்டு எழுத்தாக விரியலாம். டிக்கெட் அந்த வரியோடு ஒத்திருந்தால் போதும்.

ஆனால் பிறப்புப் பதிவில் அந்தக் கோட்டை விட்டுவிடாதீர்கள். 'புல்லே' என்பது நம் பிள்ளைதான், ஊர்ப்பேச்சில் புள்ளை. அந்த 'ஐ'யைப் பிரெஞ்சில் தாங்கி நிற்பது தலையிலுள்ள சாய்கோடு ஒன்றே. அதை எடுத்துவிட்டால் கடைசி எழுத்து ஊமையாகி 'புல்' என்று படிப்பார்கள். பெட்டைக்கோழிக்கான பிரெஞ்சுச் சொல்லும் அதே ஒலிதான். பாட்டன் பெயர் அப்படி ஒலிக்க விடலாமா? எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக்காட்ட வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்துத் தந்தாரே, அதே அருமை இந்தக் கோட்டுக்கும் உண்டு. பெரிய எழுத்தில் அடிக்கும்போது ஆக்சான் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். ஏற்காதீர்கள், பிரெஞ்சு மொழிக் காவலரான பிரெஞ்சு அகாதமியே அங்கும் அது வேண்டும் என்கிறது.

சரி, பேத்திக்கு வருவோம். பிரெஞ்சு அரசின் 2014-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பிறப்புப் பதிவேட்டுக்கு, குறியிட்ட 16 எழுத்துகளைப் பட்டியலிட்டது. அலைக்கோடும் நெடில்கோடும் அதில் இல்லை. பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் ஒரு பெற்றோர் அலைக்கோட்டுக்காக வழக்காடி, 2018-இல் ரென் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். ஆனாலும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். பிரெஞ்சில் 'ஜி, என்' சேர்த்து எழுதினாலே ஞகரம் வந்துவிடும். நெடிலுக்குக் கூரைக்குறி போட்ட 'ஆ' பட்டியலிலேயே இருக்கிறது.

பெயரைத் தெளிவாக ஒரு தாளில் எழுதி மேரி என்னும் நகராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். கையெழுத்துப் போடும் முன் பதிவோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அப்புறம் திருத்துவது பெரும்பாடு.