மெடல் வாங்காத பொண்ணு கோச் ஆக முடியுமா?

திருச்சி பக்கத்துல இருந்து ஒரு அம்மா ரொம்ப பதறிப்போய் நீளமா மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கா, 70 சதவீதம் மார்க், சொந்தக்காரங்க எல்லாம் சேர்ந்து ஒரு தனியார் காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டாவுல ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் சீட் பேசி முடிச்சு முதல் தவணையும் கட்டியாச்சு, இவ என்னடான்னா படிச்ச ஸ்கூல்லயே பி.டி. சாருக்கு அசிஸ்டன்ட்டா இருந்து ரன்னிங் டீமை பாத்துக்கிறேன், அதுக்கு என்ன படிக்கணுமோ அதைப் படிக்கிறேன்னு ஒரே பிடியா நிக்கிறா. பதினொண்ணாவதுல இருந்தே காலையில கிரவுண்டுக்குப் போய் சின்னப் பசங்களுக்கு டைம் எடுக்கிறது இவதானாம். அவங்ககிட்ட கேட்டுட்டுதான் பதிலை பொதுவுல எழுதுறேன்.

அம்மா, பொண்ணு கெட்ட வழியில ஒண்ணும் போகல, அதனால மொதல்ல நிம்மதியா இருங்க. ஆறுதல் இவ்வளவுதான், இனிமே கொஞ்சம் கறாராதான் பேசப்போறேன்.

மொதல்ல காசு. பெரியப்பா "லோன் போட்டா முடிஞ்சுது"ன்னு சொன்னதா எழுதியிருக்கீங்க. பேங்க்ல கல்விக்கடன் 4 லட்சம் வரைக்கும்னா பொதுவா நீங்க கையில இருந்து பங்கு போட வேண்டியதில்ல, 7.5 லட்சத்தைத் தாண்டிட்டா சொத்து அடமானம் கேப்பாங்க. நீங்க சொன்ன மொத்த ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் கூட்டிப் பாத்தா அந்தக் கோட்டைத் தாண்டுது, அப்படின்னா உங்க வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போகுது. அதுவும் கணக்குன்னாலே கசக்குதுன்னு சொல்ற பொண்ணு நாலு வருஷம் கணக்கையே சாப்பிட்டு வாழ வேண்டிய ஒரு படிப்புக்காக. அரியர் விழுந்து கோர்ஸ் இழுத்துக்கிட்டே போனா இ.எம்.ஐ. கட்ட பெரியப்பா வருவாரா? இதை அவர்கிட்ட நேராவே கேளுங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். இஞ்சினியரிங் வேஸ்ட்டுன்னு நான் சொல்லல, கவுன்சிலிங்ல கிடைச்சு புடிச்சும் படிக்கிற பசங்களுக்கு அது நல்ல படிப்பு. புடிக்காத பொண்ணுக்கு பத்திரத்தை வச்சு வாங்கித் தர்ற சீட்டைத்தான் வேணாங்கிறேன்.

அடுத்தது, "இவ ஒரு மெடல் கூட வாங்கல, இவ போய் யாருக்கு சொல்லித்தரப் போறா, விசில் ஊதவா இவ்வளவு படிக்க வச்சோம்"ங்கிற பேச்சு. கென்யாவுல இட்டென்னு ஒரு ஊர், அங்க செயின்ட் பேட்ரிக்ஸ்னு ஒரு ஹைஸ்கூல். 1976ல அயர்லாந்துல இருந்து ஜியாகிரபி வாத்தியாரா அங்க வந்தவர் பிரதர் கோல்ம் ஓ'கானல், ஓட்டத்துல எந்தப் பின்னணியும் இல்லாத மனுஷன். ஏற்கனவே அங்க இருந்த கோச்சுக்கு உதவியாளா நின்னு கவனிச்சுதான் கத்துக்கிட்டார். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல 800 மீட்டரை 1 நிமிஷம் 40.91 செகண்ட்ல ஓடி உலக சாதனை வச்ச டேவிட் ருடிஷா அவர்கிட்ட வளர்ந்தவர். எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு சொல்ல வரல, நடக்காது. வேகமா ஓடுறது ஒரு திறமை, ஓடுறவங்களைப் பாத்துப் புரிஞ்சுக்கிறது வேற திறமை, ரெண்டும் ஒருத்தர்கிட்டயே இருக்கணும்னு இல்ல, அவ்வளவுதான்.

உங்க பொண்ணுகிட்ட ரெண்டாவது இருக்கு. எப்படித் தெரியும்னு கேப்பீங்க. அவ நோட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்ல, அதுல ஒரு பக்கத்துல அண்டர் 14 பையன் ஒருத்தனோட 600 மீட்டர், 200 மீட்டர் டிராக்ல மூணு ரவுண்டு, ரவுண்டு ரவுண்டா எழுதியிருக்கா: 31, 36, 43. மொத்தம் 1 நிமிஷம் 50. பக்கத்துலயே பென்சில்ல "முதல் ரவுண்டு 35க்கு கீழ போகக்கூடாது, பக்கத்துல ஓடுறவன பாக்காதன்னு சொல்லணும்"னு இருக்கு. அடுத்த பக்கத்துல அதே பையன் 35, 37, 36, மொத்தம் 1 நிமிஷம் 48. அவனுக்கு புதுசா பலம் ஒண்ணும் வரல, ஆரம்பத்துலயே தலைதெறிக்க ஓடி கடைசி ரவுண்டுல செத்துப்போறதை நிறுத்தினதுல வந்த ரெண்டு செகண்ட் அது. 17 வயசுல இதைக் கண்டுபுடிச்சு, திட்டாம சொல்லி, திருப்பி அளந்தும் பாத்திருக்கா பாருங்க, கோச்சிங்னா இதுதாம்மா.

அசிஸ்டன்ட் கோச்னா சார் பின்னாடி கோன் தூக்கிட்டு அலையற வேலைன்னு பெரியப்பா நினைக்கிறாரு. அந்த வேலையும் உண்டு, இல்லைங்கல. ஆனா ப்ளான் போடுறது தலைமை கோச்னா அந்த ப்ளான் ஒவ்வொரு பிள்ளை உடம்புலயும் என்ன பண்ணுதுன்னு பாக்குறது அசிஸ்டன்ட்தான், ஏன்னா சார் கண்ணு முன்னாடி ஓடுற நாலு பேர் மேல இருக்கும், கடைசியில மூச்சு வாங்கிட்டு வர்ற இருபது பேர் இவ கையில. ஈஸி ரன்னுன்னு சொன்னா பேசிக்கிட்டே ஓடுற வேகத்துலதான் போறாங்களா இல்ல ரேஸ் விடுறாங்களான்னு பாக்கணும், முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு வலிக்குதுன்னு ஒருத்தன் தடவிக்கிட்டு நின்னா அன்னைக்கே ஓட்டத்தைக் குறைச்சு அடுத்த நாள் விசாரிக்கணும், அதை விட்டுட்டு "தாங்கிக்கடா"ன்னு சொல்ற ஆள் இந்த வேலைக்கே வரக்கூடாது. பொண்ணுங்க டீம்ல இன்னும் முக்கியம், சரியா சாப்பிடாம மேல மேல ட்ரெயினிங் பண்ணி பீரியட்ஸ் நின்னுபோற பிள்ளைங்க இருக்காங்க, ரத்தசோகையால வேகம் குறைஞ்சுக்கிட்டே போயும் சோம்பேறின்னு திட்டு வாங்குற பிள்ளைங்க இருக்காங்க, அதையெல்லாம் பி.டி. சார்கிட்ட வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, ஒரு அக்காகிட்டதான் சொல்லுவாங்க. வெளியூர் மீட்டுக்கு பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போக கூட ஒரு லேடி வேணும்னு ஸ்கூலே தேடும்.

மீட், அதாவது போட்டி அன்னைக்கு கதையே வேற. வயசு ப்ரூஃப் ஃபைல், செஸ்ட் நம்பர், ஊக்கு, யார் எந்த ஹீட்னு லிஸ்ட், ஓட்டத்துக்கு முன்னாடி எல்லாரையும் கூப்பிட்டு சரிபாக்குற கால் ரூம்ல (call room) பேர் கூப்பிடும்போது பிள்ளை டாய்லெட்ல இருந்தா ஆறு மாச உழைப்பு அங்கயே போச்சு. 200 மீட்டர் டிராக்ல 3000 ஓடுனா 15 ரவுண்டு, எண்ணுறதுல ஒண்ணு தப்பினா பிள்ளை ஒரு ரவுண்டு முன்னாடியே ஸ்பிரிண்ட் போட்டு நின்னுடும். கையில வாட்ச் பிடிக்கிறவங்க துப்பாக்கி சத்தத்துக்கு அமுக்கக்கூடாது, புகையைப் பாத்து அமுக்கணும், ஏன்னா சத்தம் ட்ராக்கைத் தாண்டி காதுக்கு வர்றதுக்குள்ள கொஞ்சம் நேரம் போயிடும். இதெல்லாம் எந்தக் காலேஜ் ப்ரோஷர்லயும் இருக்காது.

சரி, படிப்பு. நேர் வழின்னா மூணு வருஷ பி.பி.இ.எஸ். (உடற்கல்வி, விளையாட்டு இளநிலைப் பட்டம்), அப்புறம் ரெண்டு வருஷ பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் படிப்பு). சென்னை நந்தனத்துல 1920ல ஹாரி பக் ஆரம்பிச்ச ஒய்.எம்.சி.ஏ. காலேஜ் இருக்கு, காரைக்குடில அழகப்பா இருக்கு, கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்துல மாருதி காலேஜ் இருக்கு, உடற்கல்விக்குன்னே மேலக்கோட்டையூர்ல ஒரு யுனிவர்சிட்டியே இருக்கு. "பேருக்குப் பின்னாடி ஒரு சாதாரண டிகிரியாவது இருக்கட்டும்"னு நீங்க நினைச்சா அதுக்கும் வழி உண்டு: அவளுக்குப் புடிச்ச ஏதாவது ஒரு டிகிரியை அரசு கலைக் கல்லூரிலயோ எய்டட் காலேஜ்லயோ படிச்சு 50 சதவீதம் எடுத்து, காலேஜ் டீம்ல ஓடி போட்டி சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கிட்டா அதுக்கப்புறம் பி.பி.எட். சேரலாம். அவ 1500ல டிஸ்ட்ரிக்ட் வரைக்கும் போன அந்த சர்டிபிகேட்டை மெடல் இல்லைன்னு பரண்ல போட்டுடாதீங்க, ஒவ்வொரு அட்மிஷன்லயும் கேப்பாங்க. ஓட்டத்தையும் விடக்கூடாது, உடல்தகுதித் தேர்வு இருக்கும்.

பி.பி.எட். எங்க சேர்ந்தாலும் ஆசிரியர் படிப்புகளுக்கான தேசிய கவுன்சில் என்.சி.டி.இ.யோட அங்கீகாரம் இருக்கான்னு பாத்துட்டுதான் பணம் கட்டணும். கிரவுண்டுக்கே வராம சர்டிபிகேட் வாங்கலாம்னு எவனாவது ஏஜென்ட் சொன்னா போனை வச்சுடுங்க. நடுவுல லீவ்ல தடகள சங்கம் நடத்துற லெவல் ஒன் கோச் கோர்ஸ், ஒரு முதலுதவி கோர்ஸ், தகுதி வந்ததும் பாட்டியாலாவுல இருக்கிற தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் என்.ஐ.எஸ்.ஸோட ஆறு வார சர்டிபிகேட் கோர்ஸ், இதெல்லாம் ஒண்ணொண்ணா பண்ணலாம். முழு நேர கோச்சாவே போகணும்னு பின்னாடி தோணுச்சுன்னா என்.ஐ.எஸ். டிப்ளமோ இருக்கு, அரசு கோச் வேலைக்கு பெரும்பாலும் அதைத்தான் எதிர்பாப்பாங்க.

இப்ப பொண்ணுகிட்டயும் கறாரா ஒண்ணு சொல்லணும். அசிஸ்டன்ட் கோச்ங்கிற வேலையை மட்டும் நம்பி குடும்பம் நடத்த முடியாது, பல ஸ்கூல்ல அது கவுரவ வேலைதான், குடுத்தா பெட்ரோல் காசு. தனியார் ஸ்கூல்ல பி.டி. டீச்சருக்கும் ஆரம்ப சம்பளம் கம்மி. அரசு வேலைக்கு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) எப்ப ஆள் எடுக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதை நம்பி வீட்ல உக்காரக்கூடாது. அதனாலதான் பி.பி.எட். கண்டிப்பா வேணுங்கிறேன், முடிஞ்சா அதுக்கு மேல்படிப்பான எம்.பி.எட்.டும், ஏன்னா சி.பி.எஸ்.இ. ஸ்கூல்ல 11, 12க்கு பிசிகல் எஜுகேஷன் ஒரு பாடமாவே இருக்கு, அதை நடத்த ஆள் வேணும். டீச்சர் வேலை சோறு போடும், அதை வச்சுக்கிட்டு டீமைப் பாத்துக்கலாம். இந்த நிலைமையை அவ முழுசா தெரிஞ்சுக்கிட்டும் இதேதான் வேணும்னு சொன்னா குறுக்க நிக்காதீங்க, நிக்க உங்களுக்கு உரிமை இல்லைன்னு கூட சொல்லுவேன்.

கடைசியா அந்தக் கட்டின பணம். "போனது போச்சு, அதுக்காகவாவது சேத்துடுவோம்"னு எழுதியிருந்தீங்க, அது வேண்டவே வேண்டாம். வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி விலகினா 1000 ரூபாய்க்கு மேல பிடிக்கக்கூடாதுங்கிறது இஞ்சினியரிங் காலேஜ்களைக் கட்டுப்படுத்துற ஏ.ஐ.சி.டி.இ.யோட விதி, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் அவங்க பிடிச்சு வச்சுக்கக் கூடாது. சீட் வேண்டாம்னு நாளைக்கே பிரின்சிபாலுக்கு மெயில் போடுங்க, அதே லெட்டரை ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்பி ரசீதை பத்திரமா வச்சுக்கங்க. ரசீதே குடுக்காம ரொக்கமா வாங்கின தொகை ஏதாவது இருந்தா அது யார் மூலமா போச்சுன்னு பெரியப்பாகிட்ட கேளுங்க, அதைத் திருப்பி வாங்கித்தர வேண்டியது அவர் பொறுப்பு.