நான்கு வருடப் படிப்பு வீணாகிவிடுமா?

கேள்வி: சிவில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு இரண்டு வருடமாகக் குடிநீர்க் குழாய்த் திட்டங்களில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டில் எபிடெமியாலஜியில் (நோய்கள் மக்களிடையே ஏன், எப்படிப் பரவுகின்றன என்று ஆராயும் துறை) மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. உயிரியலைப் பள்ளியோடு விட்டாயிற்று. 'படித்த நான்கு வருடமும் வீண்' என்கிறார்கள் வீட்டில். துறை மாறி வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா? ஏன் மாறுகிறேன் என்பதை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: 'குடிநீர்க் குழாய்' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைத் தேடிப்போய் விசாரித்து, பிராட் தெருவில் இருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைக் காட்டிக் கொடுத்தார். அதோடு நிற்காமல், எந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனியின் தண்ணீர் வருகிறது என்றும் கணக்கெடுத்தார். தேம்ஸ் ஆற்றில் கழிவு கலக்கும் இடத்திலேயே நீர் எடுத்த கம்பெனியின் வாடிக்கையாளர்கள் அதிகமாகச் செத்தார்கள். ஆற்றின் மேற்புறத்துக்கு மாறிக்கொண்ட கம்பெனியின் வீடுகளில் சாவு வெகு குறைவு. எபிடெமியாலஜி வகுப்புகளில் இன்றும் சொல்லித் தரும் கதை இது. பிறகு லண்டனுக்குப் பாதாளச் சாக்கடை அமைத்துக் கொடுத்த ஜோசப் பேசல்ஜெட் ஒரு சிவில் இன்ஜினீயர். நீங்கள் போவது பக்கத்து அறைக்குத்தான்.

சேர்ப்பார்களா என்றால், அது எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் எம்.பி.எச். எனப்படும் பொதுச் சுகாதார மாஸ்டர்ஸ் படிப்புக்குப் பெரும்பாலும் எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். எபிடெமியாலஜியில் எம்.எஸ். என்றால் ஆராய்ச்சி வாடை அதிகம். கணிதமும் புள்ளியியலும் எவ்வளவு படித்திருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். அங்கே இன்ஜினீயரிங் கணிதம் உங்களுக்குக் கை கொடுக்கும். ஜெர்மனியில் கொஞ்சம் கெடுபிடி. பல மாஸ்டர்ஸ் படிப்புகள் இளங்கலையின் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பார்கள். இன்னின்ன பாடத்தில் இத்தனை ஈ.சி.டி.எஸ். புள்ளிகள் (படிப்பின் அளவைக் கணக்கிடும் ஐரோப்பிய முறை) வேண்டும் என்று எழுதியே வைத்திருப்பார்கள். ஒரு வருட முழுநேரப் படிப்புக்கு 60 புள்ளிகள் என்பதை வைத்து உங்கள் மதிப்பெண் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் விண்ணப்பக் கட்டணத்தைத் தண்டம் கட்ட வேண்டாம்.

இனி அந்த 'ஏன்'. துறை மாறுகிறவர்களின் நோக்க அறிக்கைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். பலரும் பழைய படிப்புக்கு மன்னிப்புக் கேட்டே ஒரு பக்கத்தைத் தீர்த்துவிடுகிறார்கள்: வீட்டில் சொன்னதால் சேர்ந்தேன், பிடிக்கவில்லை, சின்ன வயதிலிருந்தே மருத்துவத்தில் ஆர்வம். படிக்கிற பேராசிரியருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பிடிக்காத ஒன்றை நான்கு வருடம் படித்தவர் இதையும் பாதியில் விட மாட்டார் என்று அவர் எப்படி நம்புவார்? உங்கள் வேலையில் இந்தக் கேள்வி எங்கே முளைத்ததோ அங்கிருந்து தொடங்குங்கள். குழாயில் அழுத்தம் குறைந்த நாட்களில் வெளியிலிருக்கும் அழுக்கு நீர் கசிவு வழியாக உள்ளே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பகுதியில் அடுத்த வாரம் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது என்று ஒருநாளாவது யோசித்திருப்பீர்கள் அல்லவா? அந்த நாளை எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேட உங்களிடம் எது இல்லை, அதை அந்தப் படிப்பு எப்படித் தரும் என்பது அடுத்த பத்தி. அவ்வளவு போதும்.

ஆனால் ஆசையைச் சொன்னால் மட்டும் நம்ப மாட்டார்கள், தடயம் கேட்பார்கள். கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களின் எபிடெமியாலஜி பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்றையாவது முழுதாக முடியுங்கள். ஆர் (R) என்ற மென்பொருளில் புள்ளியியல் பழகுங்கள். பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். இரண்டு சிவில் பக்கத்திலிருந்து வந்தால் தவறில்லை. மூன்றாவது, சுகாதாரத் துறையில் உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒருவரிடமிருந்து வரட்டும். அதற்கு ஆறு மாதமாவது ஒரு ஆய்வுக் குழுவில் வார இறுதிகளில் உதவ வேண்டியிருக்கும். இதற்காக ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றை மறக்காதீர்கள். படிப்புக்குப் பின் வேலை பார்க்க ஓ.பி.டி. எனப்படும் 12 மாத அனுமதி கிடைக்கும், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பென்றால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். பெயரில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு படிப்புகளில் ஒன்று அந்தப் பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. சேருவதற்கு முன்பே பல்கலைக்கழகத்திடம் அந்தப் படிப்பு எந்த வகையில் சேரும் என்று காட்டும் சி.ஐ.பி. எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனைப் பற்றிச் சொல்லுங்கள். 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு உயிரியலுக்கு மாற முடிவெடுத்து, மறுபடியும் மாணவராகப் போய் அடிப்படையிலிருந்து படித்தார். 2009-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். எல்லோருக்கும் நோபல் வரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முனைவர் பட்டத்துக்குப் பிறகே அவர் மாறினார். நீங்கள் இளங்கலை முடித்து இரண்டே வருடம்தான் ஆகிறது.

விண்ணப்பத்தை எழுதும் முன், உங்கள் திட்டப் பகுதி ஒன்றின் குழாய் உடைப்புப் பதிவுகளை, அலுவலக அனுமதியோடு, தேதிவாரியாக எடுத்து, அதே காலத்தில் வெளியான நோய் எண்ணிக்கையோடு சேர்த்து வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு வார இறுதிகள் ஆகும். அந்த நேரம் எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள்.