கடைசி இருபது அடி: கடலுக்கும் தீவுக்கும் எல்லோரும் போக, கேள்வி பதில்

வணக்கம். நான் தொழில்வழிச் சிகிச்சையாளர். முள்ளந்தண்டில் அடிபட்டவர்கள், கால் இழந்தவர்கள், பார்வையற்ற பிள்ளைகள் என்று பலரோடும் யாழ்ப்பாணக் கடற்கரைகளுக்கும் தீவுகளுக்கும் போய் வருகிறேன். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, அப்பா பன்னிரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். கடலில் ஒருதரம் கால் நனைக்க வேண்டும் என்கிறார். கசூரினா சரிவருமா? மணலில் சில்லு புதையாதா? (கோண்டாவிலிலிருந்து ஒரு மகள்)

புதையும். ஆனாலும் கூட்டிப்போங்கள். கசூரினா கடற்கரை இருக்கும் காரைநகருக்குத் தரைவழியே போகலாம். கசூரினாவில் கடல் வெகுதூரத்துக்கு ஆழமில்லை, அலையும் குறைவு, சவுக்கு நிழலும் இருக்கிறது. வாகனம் நிற்கும் இடத்துக்கும் ஈர மணலுக்கும் நடுவில் கிடக்கும் அந்தக் கடைசி இருபது அடிதான் எங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

முதலில் புதைவது சின்ன முன்சில்லு. அதனால் நாற்காலியைத் திருப்பி, பின்னுக்குச் சாய்த்து, முன்சில்லு நிலத்தில் படாமல் இழுத்துக்கொண்டு போங்கள். மணல் மிகவும் இளகலாக இருந்தால் இரண்டு ஒட்டுப்பலகை போதும். ஒன்றில் நாற்காலி நிற்க மற்றதை எடுத்து அடுத்ததாகப் போடலாம். ஈர மணலுக்கு வந்துவிட்டால் தரை இறுகிவிடும்.

அப்பாவுக்குக் காலில் உணர்வு இல்லையென்றால் சிப்பி வெட்டினாலும் தெரியாது. பழைய சப்பாத்து ஒன்றைப் போட்டுவிடுங்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட சிலருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சட்டென்று சூடாகிவிடும். காலை நேரமே நல்லது. ஈரத் துவாய் ஒன்று கையில் இருக்கட்டும். கால் மணிக்கொருதரம் இருக்கையிலிருந்து உடம்பைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தப் புண் வரும். வீட்டுக்கு வந்த அன்றைக்கே நாற்காலியை நல்ல தண்ணீரில் கழுவிக் கிறீஸ் போடுங்கள்.

ஒரு ஐயாவை இப்படித்தான் கூட்டிப்போனோம். கால் நனைந்ததே அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "கையைத் தண்ணியில் முட்ட விடுங்கோ" என்றார். இரண்டு பேர் பிடித்துக் குனியவிட்டோம். ஒரு கை அள்ளி முகத்தில் பூசினார். உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு கை அள்ளினார். உங்கள் அப்பாவுக்கும் கையால் தொடுவதற்கு ஒரு வழி செய்து வையுங்கள்.

பார்வையற்ற மாணவர்களைப் பறவை பார்க்கக் கூட்டிப்போவதில் பயன் உண்டா? (ஓர் ஆசிரியர்)

நிறையவே உண்டு. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை எங்கள் கடல்நீரேரிகளுக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் பாதுகாப்பான ஓரத்தில் வாகனத்தை நிறுத்தி எஞ்சினையும் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் ஒருவரும் பேச வேண்டாம், நீங்களும்தான். ஆசிரியர்கள் விளக்கம் சொல்லத் தொடங்கினால் பிள்ளைகளுக்கு எங்கள் குரல்தான் கேட்கும். கூட்டம் எழும்பும்போது வரும் சிறகுச் சத்தத்தை அவர்களே முதலில் சொல்லட்டும்.

காற்றையும் பாடமாக்கலாம். வாடை (வடக்குப் பக்கக் காற்று) எந்தக் கன்னத்தில் படுகிறது, சோளகம் (தென்மேற்குக் காற்று) என்றால் எந்தப் பக்கம் என்று கேட்டால் திசை தானாகப் பிடிபடும். சேற்றிலிருந்து பென்சில் போல நீட்டி நிற்கும் கண்டல் மூச்சுவேரைத் தொடவிடுங்கள். வேர் மேல்நோக்கி வளர்வதைக் கையால் கண்டுபிடித்த பிள்ளை அதை மறக்காது.

சக்கர நாற்காலியோடு நெடுந்தீவு போக ஆசை. முடியுமா? (வயது 24)

முடியும் தம்பி, ஆனால் அதையே முதல் பயணமாக வைக்க வேண்டாம். மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு எல்லாம் வீதியாலேயே போகக்கூடிய தீவுகள். வேலணையில் உள்ள சாட்டிக் கடற்கரையில் ஒருநாள் இருந்து பாருங்கள்.

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறுவதுதான் சிரமம். சோளகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், அப்போது தவிருங்கள். உங்களை வேறாக, நாற்காலியை வேறாக ஏற்ற வேண்டும். எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைத் தூக்குபவர்களுக்கு நீங்களே சொல்லுங்கள். உயிர்காப்பு அங்கி கட்டாயம். படகில் உங்களை நாற்காலியோடு சேர்த்துக் கட்ட விடவே கூடாது, கவிழ்ந்தால் நாற்காலி உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கே போய்ச் சேர்ந்தால் பெருக்கு (பாவோபாப்) மரத்தடியும் குதிரைகள் மேயும் வெளியும் காத்திருக்கின்றன. தரை மட்டம், ஆனால் கல்லு.

எங்கள் ஊர் மீள்குடியேறிய ஊர். கூலி வேலைக் குடும்பங்கள். பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போக வாகனக் கூலிக்கே வழியில்லை.

தூர இடம் வேண்டாம். பஸ் போகும் இடமாக ஒன்றைப் பிடியுங்கள். தாய்மாருக்கு ஒருநாள் கூலி போகாத நாளாகவும் பாருங்கள், அதைக் கேட்காமல் நாள் குறித்தால் அவர்கள் வரமாட்டார்கள். கடற்தொழில் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் மீன், நண்டு, நீரோட்டம் பற்றி அவர்களையே சொல்ல விடுங்கள். எங்களைவிட அவர்களுக்குத் தெரியும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைக்குள் மட்டும் ஒருவரும் இறங்கக் கூடாது.

மலசலகூடம் இல்லை என்பதாலேயே நான் எங்கும் போவதில்லை. கேட்க எங்களுக்குச் சட்டம் இருக்கிறதா? (பெண், சக்கர நாற்காலி பாவிப்பவர்)

இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அதன் கீழ் 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள், அவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை பொழுதுபோக்கையும் சுற்றுலாவையும் உரிமையாகவே சொல்கிறது. பிரதேச சபைக்கு எழுதும்போது இவற்றைக் குறிப்பிடுங்கள்.

கூடவே அளவையும் எழுதுங்கள். ஓரிடத்தில் கதவில் சக்கர நாற்காலிப் படம் அழகாக வரைந்திருந்தார்கள், நாற்காலி கதவுக்குள் போகவில்லை. என்னோடு வந்த பெண் அன்று மாலை வரை தண்ணீரே குடிக்கவில்லை. எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. அப்படி அடக்கிக்கொண்டிருந்தால் சிறுநீர்த் தொற்று வரும், தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கதவு திறந்தபின் இடைவெளி 90 சென்றிமீற்றர், உள்ளே திரும்ப 150 சென்றிமீற்றர், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்று கேளுங்கள். கட்டுவதற்கு முதல் ஒருநாள் உங்கள் நாற்காலியோடு வந்து பார்க்க விடும்படியும் கேளுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், அளவுநாடாவோடு கூடவும் வருகிறேன்.