பிளாசா வாசலில் முளைத்த பலகை: அன்புவழிபுரத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ரொறன்ரோவுக்கு வந்து எட்டு மாதம். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் மனைவி, கைக்குழந்தையோடு வாடகைக்கு இருக்கிறீர்கள். அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணைக்கு வரவில்லை. பக்கத்துக் கடைத்தொகுதியின், அதாவது பிளாசாவின், வாசலில் பெரிய பலகை ஒன்று முளைத்திருக்கிறது, முப்பத்தைந்து மாடிக் கட்டடம் வரப்போகிறதாம், அதற்கு ஒரு பொதுக்கூட்டமும் வைக்கிறார்களாம். "நான் போகலாமா அக்கா? போனால் கேஸுக்கு ஏதும் வருமா? போய்த்தான் என்ன சொல்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்காரர், அது வீடு வாங்கினவர்களின் அலுவல் என்று சொன்னாராம்.

போங்கள். வீட்டுக்காரர் சொன்னது பாதிதான் சரி. ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு காணியின் சோனிங்கை, அதாவது அங்கே கடையா வீடா, எத்தனை மாடி என்று நகரம் வகுத்து வைத்திருக்கும் விதியை, மாற்றக் கேட்டால் சுற்றி 120 மீற்றருக்குள் காணி உள்ளவர்களுக்கு அறிவித்தல் போக வேண்டும் என்பது சட்டம். அந்தக் கடிதம் பெரும்பாலும் சொந்தக்காரரின் பெயருக்குத்தான் வரும். உங்களைப் போன்ற பேஸ்மென்ட்காரர்கள் பல வேளை பலகையைப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. ஆனால் கூட்டத்தில் கதைக்கக் காணியும் தேவையில்லை, குடியுரிமையும் தேவையில்லை. வாசலில் யாரும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை. மாநகரசபைத் தேர்தலில் வாக்குப்போடத்தான் குடியுரிமை வேண்டும்.

உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. நானும் உங்கள் திருகோணமலைதான், உவர்மலையில் பிறந்தவள், 1996 இல் இங்கே வந்தவள். ஒரு தாளில் பெயர் எழுதினால் அந்தத் தாள் எங்கே போய்ச் சேரும் என்று யோசித்து வளர்ந்த தலைமுறை. முதல் தடவை இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனபோது வாசலில் ஒரு பிள்ளை சிரித்த முகத்தோடு வரவுத்தாளை நீட்டினாள். நான் "பிறகு எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக நழுவிப்போனேன். அவள் ஒன்றும் நினைக்கவில்லை, அடுத்தவரிடம் நீட்டினாள். அந்தத் தாள், கூட்டம் பற்றிய அடுத்த செய்திகளை அனுப்புவதற்காக வைப்பது. எழுதாவிட்டாலும் உள்ளே இருக்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் நகரசபைக்கு எழுதி அனுப்புவதும் அங்கே எழுந்து பேசுவதும் பொதுப் பதிவாகிவிடும். பேசினால் வீடியோவும் இணையத்தில் இருக்கும். ஆகவே கேஸ் கதையை, ஊரில் பட்டதை அங்கே அவிழ்க்க வேண்டாம். பஸ், பூங்கா, வாடகை, அவ்வளவும் போதும். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

கூட்டம் என்றால் இரண்டு வகை. முதலில் வருவது பள்ளிக்கூட மண்டபத்திலோ நூலக அறையிலோ நடக்கும் கலந்தாய்வு. மடக்குக் கதிரைகள், தாங்கிகளில் நிறுத்திய பெரிய வரைபடங்கள், மூலையில் ஒரு கோப்பிப் பெட்டி. மஞ்சள் ஒட்டுத்தாள்கள் ஒரு கட்டு வைத்திருப்பார்கள், விரும்பியதை எழுதி வரைபடத்தில் ஒட்டலாம். அதற்குப் பெயர் தேவையில்லை. கூச்சக்காரர்களுக்கு அதுதான் நல்ல இடம். இரண்டாவது, ஸ்காபரோ சமூக சபை. ரொறன்ரோ நகரசபைக்குக் கீழே இப்படி நான்கு சமூக சபைகள் இருக்கின்றன. எங்களுடையது ஸ்காபரோ சிவிக் சென்ரரில் கூடும். முன்கூட்டியே பெயர் கொடுத்தால் வழமையாக ஐந்து நிமிடம் தருவார்கள், வீட்டிலிருந்தே வீடியோவிலும் பேசலாம். அதன் பிறகு விஷயம் முழு நகரசபைக்குப் போகும்.

முதலாவதை விட்டுவிடாதீர்கள். முன்பு சபை அனுமதித்துவிட்டாலும் அயலவர்கள் மாகாணத் தீர்ப்பாயத்துக்குப் போய் முறையிட வழி இருந்தது. 2024 இல் சட்டத்தை மாற்றி, சோனிங் மாற்றங்களுக்குச் சாதாரண அயலவர் முறையிடும் உரிமையை எடுத்துவிட்டார்கள். சோனிங் விதியிலிருந்து கேட்கும் சின்னச் சின்ன விலக்குகளுக்கு அதை 2022 இலேயே எடுத்தாயிற்று. வீடுகள் கட்டுவது இழுபடுகிறது என்பது அரசு சொன்ன காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் உங்களுக்கும் எனக்கும் மிஞ்சியிருப்பது தொடக்கத்தில் வாய் திறப்பது மட்டும்தான்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். நாங்கள் முன்பு இருந்த பக்கத்தில் ஒரு பிளாசா. மரக்கறிக்கடை, நகைக்கடை, ஊர்ப் பாண் போடும் ஒரு பேக்கரி, மேல்மாடியில் பிள்ளைகளின் மிருதங்க வகுப்பு. பலகை வைத்து ஒன்றரை வருடம் நின்றது. நான் அதன் கீழேதான் பஸ்ஸுக்குக் காத்து நிற்பேன், ஒரு நாளும் முழுதாக வாசித்ததில்லை. கடைக்காரருக்குக் கடையை விடச் சொல்லிக் கடிதம் வந்த பிறகு எல்லோரும் ஓடினோம், கையெழுத்து வாங்கினோம். கவுன்சிலரின் அலுவலகத்தில் ஒரு பையன், "போன வருடம் கூட்டம் வைத்தோமே, பதினொரு பேர்தான் வந்தார்கள்" என்றான். கோபம் வந்தது, யாரோடு கோபிப்பது?

சரி, போய் என்ன சொல்வது? கட்டடம் வேண்டாம் என்று சொல்லப் போகாதீர்கள். அதைச் சொல்லத் தனி வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். நிழல் விழும், கார் கூடும், அயலின் இயல்பு கெடும் என்பார்கள். அந்த "இயல்பு" என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் அரிக்கும். வாடகைக்கு இருப்பவர்களும் அந்த இயல்புக்குள் அடங்குகிறார்களா என்று கேட்க வேண்டும் போலிருக்கும். நீங்கள் நாளைக்கு வீடு தேடப்போகிறவர், வீடுகள் கூடுவது உங்களுக்கு நல்லதுதான். 2023 இல் நகரம் முழுவதும் ஒரு காணியில் நான்கு வீட்டு அலகுகள் வரை கட்ட விட்டார்கள். அதற்கு எதிராகவும் இதே கதைகள் வந்தன.

நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. முதலில் பூங்கா. கட்டுகிறவர் சட்டப்படி பூங்காவுக்கென்று காணியில் ஒரு பங்கு விட வேண்டும், அல்லது அதன் பெறுமதியைக் காசாகக் கட்ட வேண்டும். "காணியாகத் தருகிறீர்களா, காசாகக் கட்டுகிறீர்களா?" என்று கேளுங்கள். காசென்றால் பூங்கா உங்கள் வாசலில் வரும் என்று நம்பியிருக்க முடியாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் மேசைக்குப் பின்னால் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊரில் நாங்கள் பூங்கா தேடிப் போனதில்லை. டச்சு பே கடற்கரை இருந்தது. பின்னேரம் மணலில் வட்டமாக இருந்து கச்சான் கொறித்துக்கொண்டு கதைப்போம், கோட்டைப் பக்கத்து மான்கள் வீதியைக் கடந்து வந்து சோளப்பொத்தித் தோலுக்கு நிற்கும். இங்கே எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு பூங்காவைத் திருத்தியபோது நான் பார்த்த வரைபடத்தில் வாங்குகள் எல்லாம் ஒரே வரிசையில் பந்து மைதானத்தைப் பார்த்தபடி இருந்தன. நான் எழுந்து, "எங்கள் அம்மாமார் பந்து பார்க்க வருவதில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைக்க வருகிறார்கள், கொஞ்சம் நிழலும் வேண்டும்" என்றேன். கையில் பிடித்திருந்த தாள் நடுங்கியது, ஆங்கிலம் பாதியில் நின்றது, பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி மட்டும் தலையாட்டினார். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் ஒரு மேப்பிள் மரத்தடியில் நான்கு வாங்குகள் எதிரெதிராக இருந்தன. அம்மா மூன்று கோடை அங்கே போய் இருந்தார்.

என்னை விடுங்கள், ரொறன்ரோவிலேயே தோர்ன்கிளிஃப் பார்க் என்ற பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் புதிதாக வந்த குடும்பங்கள் நெருக்கமாக இருக்கும் தொடர்மாடிகள். அங்கே பெண்கள் 2008 இல் ஒரு குழுவாகச் சேர்ந்து, கவனிப்பாரற்றுக் கிடந்த ஆர்.வி. பர்ஜெஸ் பூங்காவைத் திருத்தித் தரச்சொல்லி நகரசபையின் பின்னால் திரிந்தார்கள். இன்று அந்தப் பூங்காவில் கோடையில் சந்தை நடக்கிறது, ஊரார் ரொட்டி சுட ஒரு தந்தூரி அடுப்பே நிற்கிறது. பொதுப் பூங்காவில் தீ மூட்ட அனுமதி எடுப்பதென்றால் சும்மாவா!

அடுத்தது பஸ். உங்களுக்கு விடியற்காலை வேலை என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சொல்லுங்கள். திட்டம் போடுகிறவர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் காலை ஐந்து மணிக்கு, வீதியில் தள்ளிய பனியெல்லாம் பஸ் தரிப்பிடத்தில் குவிந்து கிடக்க, பிள்ளை வண்டியோடு ஒரு தாய் வீதியில் இறங்கி நிற்பது அவர்களின் வரைபடத்தில் இல்லை. கட்டடம் எழும் இரண்டு மூன்று வருடமும் தரிப்பிடத்தை எங்கே மாற்றுவார்கள், நடைபாதையை மூடினால் எந்தப் பக்கத்தால் போவது என்று கேளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. கூட்டம் வைத்ததற்காக எல்லாம் நடப்பதில்லை. ஸ்காபரோ ரயிலின் கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். 1985 இல் ஓடத் தொடங்கியது. அதற்குப் பதில் ஏழு நிறுத்தங்களோடு இலகு ரயில் என்றார்கள். 2013 இல் நகரசபை அதை விட்டு மூன்று நிறுத்தச் சுரங்க ரயில் என்றது, 2016 இல் ஒரே நிறுத்தம் என்றது. 2019 இல் மாகாண அரசு மறுபடி மூன்று என்றது. ஒவ்வொரு தடவையும் நாங்கள் போய்க் கதைத்தோம். 2023 ஜூலை 24 ஆம் தேதி எல்ஸ்மியர் நிலையத்துக்குப் பக்கத்தில் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டு ஐந்து பேர் காயப்பட்டார்கள். நவம்பரில் மூடவிருந்த பாதை அன்றோடு நின்றுவிட்டது. நீங்கள் இன்று ஏறுகிற நெரிசல் பஸ் அதற்குப் பதிலாக வந்தது. பழைய தண்டவாளப் பாதையைப் பஸ்ஸுக்கென்று தனி வழியாக்கும் வேலைக்காகவும் பயணிகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால், எங்கள் திருகோணமலைச் சம்பூரைச் சொல்லுங்கள். இடம்பெயர்ந்து வருடக்கணக்காக முகாமில் கிடந்த சனம், திரும்பி வந்ததும் அனல்மின் நிலையம் வேண்டாம் என்று வீதியில் நின்றது. வழக்கும் நடந்தது. 2016 இல் அங்கே அதைக் கட்டுவதில்லை என்று அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. கிண்ணியாவுக்கு 2009 இல் பாலம் வரும்வரை பாதைப் படகில் ஏறக் காத்து நின்றவர்கள் நாங்கள். போக்குவரத்து எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லத் தெரியாதா?

பலகையின் கீழ்ப்பகுதியில் ஒரு கோப்பு இலக்கமும், பொறுப்பான திட்டமிடல் அதிகாரியின் பெயரும் தொலைபேசியும் இருக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். நகரசபையின் தகவல் இலக்கமான 311 க்கு அடித்தாலும் சொல்வார்கள், தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அங்கேயே கேட்கலாம். கூட்டம் ஏழு மணிக்கு என்றால் ஆறரைக்கே போங்கள், வரைபடங்களை நின்று பார்க்க நேரம் வேண்டும். பிள்ளையையும் கொண்டுபோகலாம், அழுதால் யாரும் முறைக்க மாட்டார்கள். உங்கள் தரிப்பிடத்தில் பனி குவிந்து கிடக்கும் ஒரு காலையில் அதையும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நாள் என்றைக்கு என்று எழுதுங்கள், எனக்கு அன்று வேலை இல்லையென்றால் நானும் வந்து பின்வரிசையில் இருக்கிறேன்.