கோடை மழைக்கு மறுநாள் மீன்கள் செத்து மிதப்பது ஏன்?

கேள்வி: ஒரு ஏக்கர் பரப்பும் 7 அடி ஆழமும் கொண்ட பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். சுற்றிலும் உயரமான கரையும் தென்னைகளும் உள்ளன. சித்திரையில் பத்து நாள் காற்றே இல்லாத கடும் வெயிலுக்குப் பின் ஒரு மாலை கனமழை பெய்தது. மறுநாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து திணறின. பெரிய மீன்கள்தான் அதிகம் செத்தன. தண்ணீர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசியது. பக்கத்து வயல்காரர் பூச்சிமருந்து கலந்திருப்பாரோ? புகார் கொடுக்கலாமா?

பதில்: புகார் கொடுக்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திப் போடுங்கள். நஞ்சு கலந்திருந்தால் மீன்கள் நேரம் பார்த்துச் சாவதில்லை. சிறு மீன்களும் தவளைகளும் நீர்ப்பூச்சிகளும் சேர்ந்தே மடிந்திருக்கும். விடியலில் திணறுவதும், பெரிய மீன்கள் முதலில் சாவதும், அழுகிய முட்டை நாற்றமும் ஒன்றுசேர்ந்தால், அது பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறையே. உங்கள் குட்டையின் அடித்தண்ணீர் அன்றிரவு புரண்டு மேலே வந்திருக்கிறது என்பதே என் கணிப்பு.

தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். குளிர்நாட்டு ஏரிகளில் மேலே பனிக்கட்டி மூடியிருக்கும்போதும், அடியில் 4 பாகையை ஒட்டிய தண்ணீர் தங்குவதால் மீன்கள் பிழைத்துக்கொள்கின்றன. ஏரிகளின் அறிவியலுக்கு அடித்தளமிட்ட சுவிட்சர்லாந்து அறிஞர் ஃபோரல் (1841–1912), ஏரிகளை வெப்பநிலையைக் கொண்டு குளிர்மண்டலம், மிதமண்டலம், வெப்பமண்டலம் என வகைப்படுத்தினார். நம் குட்டைகள் ஆண்டு முழுவதும் 4 பாகைக்கு வெகு மேலேயே இருப்பதால், சூடான தண்ணீர் மேலும் குளிர்ந்த தண்ணீர் கீழுமாகவே அவை அடுக்குப் பிரிகின்றன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 4 பாகையிலிருந்து 5 பாகைக்குச் சூடாகும்போது ஆயிரம் லிட்டர் தண்ணீரின் எடை 8 கிராம் அளவுக்கே குறைகிறது, 29 பாகையிலிருந்து 30 பாகைக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 300 கிராம் குறைகிறது. ஆகவே நம் ஊர் வெயிலில், இரண்டு மூன்று பாகை வேறுபாடே மேல் தண்ணீரையும் கீழ்த் தண்ணீரையும் எண்ணெயும் நீரும் போலப் பிரித்து வைக்கப் போதுமானது. பச்சைப்பாசி மிகுந்த கலங்கல் தண்ணீரில் வெயிலின் வெப்பம் மேல் ஓரிரு அடியிலேயே தங்கிவிடுவதால் இந்தப் பிரிவு இன்னும் வலுப்படுகிறது.

பெரும்பாலான குட்டைகளில் இரவில் மேல் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ந்து கீழிறங்குவதால், விடிவதற்குள் தண்ணீர் முழுவதும் கலந்துவிடும். ஒரு மீட்டர் ஆழமுள்ள தண்ணீரில் 1 மில்லிமீட்டர் ஆவியானாலே ஏறக்குறைய அரைப் பாகைக்குச் சற்று அதிகமாகக் குளிரும். உங்கள் குட்டை ஆழமானது. கரையும் தென்னைகளும் காற்றைத் தடுக்கின்றன. ஆதலால் பல நாள் கலக்காமலே நின்று, அடித்தண்ணீரில் தீவன மிச்சமும் சாணமும் அழுகி ஆக்சிஜனைத் தீர்த்திருக்கின்றன. சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடும் அம்மோனியாவும் சேர்ந்திருக்கின்றன. அந்த நிலையில் பெய்த குளிர்ந்த மழைநீர் சூடான மேல் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் கீழிறங்கியது. காற்றும் சேர்ந்துகொள்ள, தேங்கியிருந்த அடித்தண்ணீர் மேலெழுந்தது. தண்ணீர் சூடாக இருந்தால் ஆக்சிஜன் கொள்ளளவும் குறைவு: 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 32 பாகையில் 7.3 அளவுக்கே கரையும். அதே நேரத்தில் சூட்டில் மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது.

இப்போது செய்ய வேண்டியது, தீவனத்தையும் சாணத்தையும் உடனே நிறுத்துவது. செத்த மீன்களை அகற்றிப் புதைத்துவிடுங்கள். போர் தண்ணீரை நேராகக் குட்டையில் விடாதீர்கள். நிலத்தடி நீரில் ஆக்சிஜன் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். உயரத்திலிருந்து சிதறி விழும்படி, இரவு பிந்திய நேரத்திலிருந்து சூரியன் ஏறும் வரை விடுங்கள். சுண்ணாம்பை அவசரப்பட்டு இடவே கூடாது. தண்ணீரின் காரத்தன்மை (pH) உயர்ந்தால் அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடிவிடும். பதற்றத்தில் பலரும் செய்யும் இந்தத் தவறால் மிஞ்சிய மீன்களும் போவதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்த மழைக்கு முன், குட்டை அடுக்குப் பிரிந்திருக்கிறதா என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம். கல் கட்டிய பாட்டிலின் வாயைத் தக்கையால் அடைத்து, தக்கையில் தனிக் கயிறு கட்டி, விரும்பும் ஆழத்தில் இறக்கித் தக்கையை இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் நிரம்பும். மேலே தூக்கியவுடன் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். காலை 6 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும், அரை அடி, 3 அடி, 6 அடி ஆழங்களில் மூன்று நாள் அளந்து குறித்து வையுங்கள். காலையில் மேலும் கீழும் ஒரே சூடாக இருந்தால் இரவில் கலக்கிறது என்று பொருள். காலையிலும் இரண்டு பாகைக்கு மேல் வேறுபட்டால் அடுக்கு நிலைத்துவிட்டது.

நிலைத்த அடுக்கை ஒரேயடியாகக் கலக்கினால் நேர்ந்த விபத்தே திரும்பவும் நேரும். வெயில் நன்றாக அடிக்கும் பிற்பகலில், பாசியால் மேல் தண்ணீரில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும்போது, தண்ணீரைக் கலக்கப் பம்பை முதல் நாள் அரை மணி நேரம் ஓட்டி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள். தென்மேற்குப் பக்கத்துத் தென்னைகளின் தாழ்ந்த மட்டைகளைக் கழித்தால் காற்றும் உள்ளே வரும். ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) வாங்குவது பற்றி இப்போதே முடிவு செய்ய வேண்டாம். மூன்று நாள் அளவுகளையும், குட்டையில் எஞ்சியுள்ள மீன்களின் எண்ணிக்கையையும் எழுதி அனுப்புங்கள், அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.