நாலு மணிக்கு யார் கூட இருப்பது?

கேள்வி: மாமியாருக்கு வயது 72. எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அல்சைமர் என்ற மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு "இலை எடை போடணும்" என்று கிளம்பிவிடுகிறார். இரண்டு தடவை தேடிப் பிடித்தோம். நான் வேலை முடிந்து வர ஐந்தாகிவிடும். மாமனாரால் ஓட முடியாது. லயனில் (எஸ்டேட் வரிசை வீடுகளில்) எல்லோரும் "உதவி வேணும்னா சொல்லு" என்கிறார்கள். என்ன சொல்ல?
— வாசகி, கோத்தகிரி

பதில்: வேலையையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அத்தையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றால் யாருக்கும் எதைச் செய்வதென்று பிடிபடாது. "செவ்வாயும் வியாழனும் மூன்றரையிலிருந்து ஐந்து வரை அத்தைகிட்ட உட்கார முடியுமா அக்கா?" என்று கேட்டால் முடியும், முடியாது என்று நேராகப் பதில் வரும். மூன்று வீடு சேர்ந்தால் வாரத்தின் ஆறு வேலைநாளும் அடங்கிவிடும்.

மூன்றரை என்று சொல்லக் காரணம் உண்டு. வெளிச்சம் குறையும்போது இந்த நோயாளிகளில் பலருக்குப் பதற்றம் ஏறும். மலையில் பனிமூட்டம் இறங்கினால் இன்னும் முன்னாடியே இருட்டிவிடும். அதற்குள் விளக்கைப் போட்டு, டீயும் தின்ன ஏதாவதும் கொடுத்து, ஒருமுறை பாத்ரூம் கூட்டிப்போய் வந்துவிட வேண்டும். பிறகு முறத்தில் வெள்ளைப்பூண்டை வைத்து உரிக்கச் சொல்லுங்கள். கை பழகிய வேலை, பேரும் தேதியும் மறந்த பிறகும் வெகுநாள் நிற்கும். உரித்ததையும் தோலையும் சேர்த்துப் போட்டால் போடட்டும். திருத்தினால் எழுந்துவிடுவார்.

எழுந்தால் வாசலை மறிக்காதீர்கள். "வேலையை விட்டு எத்தனை வருஷமாச்சு!" என்ற பேச்சும் வேண்டாம். முன்பக்கமாக வந்து, அவருக்குப் பழக்கமான பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னிக்கு எடை முடிஞ்சிருச்சு, டீ குடிக்கலாம் வாங்க" என்றால் போதும். அடங்கவில்லையா, கூடவே ஒரு சுற்று நடந்து திரும்பக் கூட்டி வரலாம்.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் கெடுவது, அவசரத்தன்று புது ஆளை உட்கார வைப்பதால். முதல் இரண்டு முறை நீங்களும் வீட்டில் இருங்கள். மூன்றாவது முறை அரை மணி நேரம் மட்டும் வெளியே போய்ப் பாருங்கள்.

அவர் படம், கூப்பிடும் பேர், வழக்கமாகப் போகும் இடங்கள், மூன்று போன் நம்பர் இவற்றை ஒரே தாளில் எழுதி டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, எஸ்டேட் வாட்ச்மேன் கையில் கொடுங்கள். சுவரில் ஒட்டாதீர்கள், அவர் மானமும் முக்கியம். காணோம் என்றால் கக்கூஸ், விறகுக் கொட்டகை, பிறகு பழைய எடை ஷெட்டுக்குப் போகும் பாதை என்ற வரிசையில் தேடுங்கள். கூப்பிட்டால் குரல் கொடுப்பார் என்று நம்பவே கூடாது. செடி வரிசைகளுக்கு நடுவிலும் ஓடைக்கரையிலும் கண்ணால் பார்த்தாக வேண்டும். கால் மணி நேரத்தில் கிடைக்காவிட்டால் 112. ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ராத்திரிக் குளிரே ஆபத்து. காட்டுமாடும் கரடியும் இறங்கும் நேரம் என்பதால் இருவர் இருவராக, டார்ச்சோடு போகட்டும்.

அவரைத் தனியாக வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகவே போகாதீர்கள். கதவில் ஒரு மணி கட்டினால் திறக்கும் சத்தம் மாமனாருக்குக் கேட்கும். குளிருக்குக் கரி நெருப்புச் சட்டியை மூடிய அறைக்குள் வைப்பதும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடலாம்.

கேள்வி: எங்கள் டீக்கடைக்கு வரும் பெரியவர் காசு கொடுக்க மறக்கிறார். சில நாள் இரண்டு தடவை கொடுக்கிறார். எப்படி நடந்துகொள்வது?
— வாசகர், குன்னூர்

பதில்: வீட்டாரிடம் தனியே பேசி, வாரக் கணக்கு நோட்டு போடுங்கள். கூட்டத்தின் நடுவில் கேட்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான்: "டீயா?" பத்து விநாடி பொறுங்கள், பதில் வரும். டீ, காபி, சுக்குக்காபி என்று அடுக்கினால் குழம்பிப்போவார்.

கேள்வி: அப்பாவுக்கு மறதி நோய். இரண்டே நாளில் ஆளே மாறிவிட்டார், புலம்பல், தூக்கமில்லை. நோய் முற்றிவிட்டதா?
— வாசகர், கூடலூர்

பதில்: அல்சைமர் இரண்டு நாளில் இப்படிப் பாயாது. இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், உடம்பில் நீர் குறைவது, இதில் ஏதாவது ஒன்று இருக்கலாம். குளிரில் தாகம் அவ்வளவாக எடுக்காது. தண்ணீர் குடித்தாரா என்று யாரும் கவனிப்பதில்லை. சளிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்களா? குளோர்பெனிரமின் கலந்தவை மூளையை மேலும் குழப்பும். அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். மறதி நோய் இருப்பதை மருந்துக்கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

கவனித்துக் கவனித்து நீங்களே துவண்டு போனால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567.