120 ஏக்கரில் வேட்டைக் குத்தகை: பணம் எவ்வளவு, பொறுப்பு எவ்வளவு?

கேள்வி: டெக்சாஸ் லானோ கவுண்டியில் 120 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். பக்கத்துப் பண்ணைக்காரர் குத்தகைக்கு எடுத்து மாடு மேய்க்கிறார். மான் வேட்டைக்கும் விட்டால் கூடுதல் வருமானம் வரும் என்கிறார்கள். எப்படி விடுவது? என்ன சிக்கல் வரும்?

பதில்: தாராளமாக விடலாம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நினைத்தே பார்க்க முடியாத வருமானம் இது. டெக்சாஸ் பண்ணைகளிலோ சர்வசாதாரணம். அங்கே 90 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம். ஆனால் மான் மாநில மக்களின் பொதுச்சொத்து. நுழைந்து வேட்டையாடும் அனுமதியை மட்டுமே நீங்கள் விற்கிறீர்கள்.

ஏக்கருக்கு 15 டாலர் என்று பேசினால் ஆண்டுக்கு 1,800 டாலர். தண்ணீர், தங்குமிடம், மான் பதுங்க நல்ல புதர் மறைவு இருந்தால் கூடும். தலைக்கு இவ்வளவு என்று நாலைந்து பேரைச் சேர்க்க ஆசை வரும், வேண்டாம். இந்தப் பரப்புக்கு இரண்டு துப்பாக்கி போதும். அனுமதியில்லாமல் குண்டு அடுத்தவர் எல்லையைத் தாண்டினாலே குற்றம். பரண்களை எல்லையிலிருந்து தள்ளி, உள்நோக்கிச் சுடும்படி அமைத்துவிடுங்கள்.

பணம் வாங்கும் முன் மாநில வனவிலங்குத் துறையின் வேட்டைக் குத்தகை உரிமம் எடுக்க வேண்டும். கட்டணம் ஏக்கர் அளவைப் பொறுத்தது. எந்த மாதம் எடுத்தாலும் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது விபத்துப் பொறுப்பில்தான். பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளருக்கு டெக்சாஸ் சட்டம் பாதுகாப்பு தருகிறது. கட்டணம் வாங்கினாலும் அது தொடரும். ஆனால் முந்தைய ஆண்டில் வசூலித்த மொத்தத் தொகை, அந்த நிலத்தின் சொத்துவரியைப் போல் 20 மடங்கைத் தாண்டக்கூடாது. வேளாண் மதிப்பீட்டில் (சந்தை விலைக்குப் பதில் விவசாய வருமானத்தை வைத்து வரி கணக்கிடும் சலுகை) இருக்கும் நிலத்துக்கு வரி மிகக் குறைவு. 80 டாலர்தான் வரி என்றால் வரம்பு 1,600; உங்கள் 1,800 அதைத் தாண்டிவிடுகிறது. தாண்டினால், அந்தப் பாதுகாப்புக்கு ஆளுக்கு 5 லட்சம், ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம், சொத்துச் சேதத்துக்கு 1 லட்சம் டாலர் அளவில் காப்பீடு இருக்க வேண்டும். வேட்டைக்காரர்களே பாலிசி எடுத்து அதில் உங்கள் பெயரையும் சேர்க்கட்டும். சான்று கைக்கு வராமல் சாவி கொடுக்காதீர்கள்.

மேய்ச்சல் முறையாகத் தொடர்ந்தால் வேட்டைக் குத்தகையால் வேளாண் மதிப்பீடு போகாது. மாட்டை விரட்டிவிட்டு வேட்டைக்கு மட்டும் விட்டால் சிக்கல். அப்போது, வனவிலங்குகளைப் பராமரிக்கும் நிலத்துக்கு அதே வரிச் சலுகை தரும் வனவிலங்கு மேலாண்மை மதிப்பீட்டுக்கு மாற வேண்டும். தண்ணீர், தீவனம், கணக்கெடுப்பு போன்ற ஏழு பணிகளில் மூன்றையாவது செய்து காட்ட வேண்டும்.

மாட்டுக்காரரின் குத்தகைப் பத்திரத்தை முதலில் படியுங்கள். அவருக்கும் வேட்டைக்காரருக்கும் சண்டை பெரும்பாலும் திறந்து கிடக்கும் வாயிற்கதவால்தான். அடுத்தது மானை ஈர்க்க வைக்கும் மக்காச்சோளத் தீவனப் பெட்டி. தனியார் நிலத்தில் மானுக்குச் சோளம் போடலாம், ஆனால் மாடும் காட்டுப்பன்றியும் முந்திக்கொள்ளும். சுற்றிலும் 34 அங்குல உயரக் கம்பித்தடுப்பு போட்டால் பன்றி நுழையாது, மான் தாண்டிவிடும். மாடு முட்டும் இடமென்றால் தூண்களை நெருக்கமாக நடுங்கள். புறாவுக்கு மட்டும் தானியம் தூவவே கூடாது: இரை போட்ட இடத்தில் புறா சுடுவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். ஓராண்டுக்கு மேற்பட்டால் எழுத்து கட்டாயம். எந்த விலங்கு, எத்தனை, விருந்தாளி உண்டா, உள்குத்தகை கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது, வறட்சியில் நெருப்பு மூட்டக்கூடாது என எல்லாவற்றையும் எழுதுங்கள். "மான் வேட்டை" என்று மட்டும் எழுதினால் காட்டுப்பன்றி யாருக்கு என்ற தகராறு வரும். பன்றியை ஆண்டு முழுக்கச் சுடலாம் என்பதால், அவர்கள் கோடையிலும் வந்து நிற்பார்கள்.

மான் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். ஆள் தேட அதுவரை காத்திருக்க வேண்டாம். ஜனவரியில் பருவம் முடிந்ததும், பழைய இடம் பிடிக்காதவர்கள் புது நிலம் தேடும்போதே பேசி, பாதிப் பணத்தை கையெழுத்திடும் அன்றும் மீதியை செப்டம்பருக்கு முன்பும் வாங்கிவிடுங்கள்.